சின்னதுரையை எடுக்கிற வரைக்கும்

சனிக்கிழமை விழுப்புரத்தில் யாராவது ஒருத்தர் சாக வேண்டும். இல்லாவிட்டால் நான் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கடையில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர் யாரையாவது சாகடித்தால் என் மனைவி செல்வியும் கூடவே மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். திண்டிவனத்துக் கூட்டாளிகளும் ஆக மாட்டார்கள். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. செத்தவன் திங்கட்கிழமை பிரேம் லூசாகிவிட்டது என்று வந்து நிற்பான். ஆகையால் புதிதாக ஓர் ஆளைப் பிறக்கவைத்து, வளர்த்து, கல்யாணம் பண்ணிவைத்து, அன்றைக்கே சாகவும் வைத்தேன். சின்னதுரை என்று பெயர் கொடுத்தேன்.

எல்லாம் செஸ்ஸுக்காக. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் திண்டிவனம் செஸ் கிளப்புக்கும் விழுப்புரம் கிளப்புக்கும் போட்டி நடக்கும். ஜெயிக்கிற கிளப்புக்கு ஒரு ஷீல்டு. அது பல வருடமாக விழுப்புரத்திலேயே இருக்கிறது. காரணம் விருத்தாசலம். விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். வேர்க்கடலை மூட்டையைத் தட்டிப் பார்த்து விலை சொல்கிற வேகத்தில் காயை நகர்த்துவார். நான் கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருக்கும்போது வெளியே போய் டீ குடித்து, பஜ்ஜி தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைத் தோற்கடித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு வருடமும் இதுதான். ஒருமுறையாவது அவரை ஜெயித்துவிட்டுத்தான் சாவேன் என்று சபதம் எடுத்திருந்தேன்.

வீட்டில் செஸ்ஸுக்குத் தடை. காரணம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாக இருந்த நேரத்தில், என் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் நல்ல வழி ஒன்று கிடைத்து, "செக்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஆரோக்கியசெல்வி தலையில் போட்டிருந்த முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து போர்டு பரணில்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"செல்வி, விழுப்புரத்துல ஒரு சாவு."

"யாருங்க?"

"சின்னதுரை."

"எந்தச் சின்னதுரை?"

"உனக்குத் தெரியாது. லென்ஸு கம்பெனில இருந்தாரு. தங்கமான மனுசன்."

"இன்னா ஆச்சு அவருக்கு?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "நெஞ்சு வலி" என்றேன்.

"பொண்டாட்டி புள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணு." அவள் முகம் வாடியது. எனக்கே கஷ்டமாகிவிட்டது. "பெரியவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்று சமாதானம் சொன்னேன்.

"எப்ப எடுக்கறாங்களாம்?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"பாவம். போய்ட்டு வாங்க. எடுக்கிற வரைக்கும் இருந்துட்டு வாங்க. பாதில எழுந்து வந்துடாதீங்க. மரியாத இல்ல."

"கடை?"

"ஒரு நாளு சாத்தி வெச்சா ஊரு குருடா பூடுமா? நீங்க போங்க."

இவ்வளவு லேசாக வேலை முடியும் என்று தெரிந்திருந்தால் போன வருடமே சின்னதுரையைக் கொன்றிருப்பேன்.

காலையில் எனக்கு இட்லி வைத்தாள். அவள் ஒன்றும் தொடவில்லை. டீ கூடக் குடிக்கவில்லை.

"நீ சாப்புடல?"

"சாவு சேதி கேட்டதுலருந்து ஒண்ணும் எறங்கல."

வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நான் உண்டாக்கிய ஆளுக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாள். பக்கத்து வீட்டு இளவரசியோடு மகளிர் குழு கூட்டத்துக்குப் போகப்போவதாகச் சொன்னாள். கொஞ்ச நாளாகவே கூட்டம் கூட்டம் என்று இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். வாசல் வரைக்கும் வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் அப்படி நின்றது இல்லை.

விழுப்புரம் பஸ் முண்டியம்பாக்கத்தில் நின்றபோது பாதிக் கூட்டம் ஆஸ்பத்திரிக்கு இறங்கியது. ஃபிளாஸ்க்கும் பாயும் பிளாஸ்டிக் பக்கெட்டுமாக இறங்கினார்கள். எனக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. சந்தோஷமாக நகர்ந்து உட்கார்ந்து, முதல் பத்து நகர்வுகளை மனசில் ஓட்டிப் பார்த்தேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்து மாடியில். உள்ளே போனதும் விருத்தாசலம் எழுந்து வந்தார். "வா தேவசகாயம். சாப்ட்டியா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் அவர் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி அது. வழக்கமாக "இந்த வருசமாவது ஒழுங்கா ஆடுவியா" என்பார்.

"சாப்ட்டேன். இன்னாத்துக்கு?"

"சும்மாதான் கேட்டேன். நல்லா ஆடு."

பயந்துவிட்டார் என்று முடிவு செய்தேன்.

நடுவர் கிருஷ்ணசாமி எல்லாருடைய செல்போனையும் வாங்கி அணைத்துத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். கடிகாரத்தை அழுத்தினோம். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு காயை நகர்த்தும்போதும் கூடவே அரை நிமிடம் சேரும். நான் வெள்ளைக் காய். ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைத் தள்ளினேன். உலகத்தில் பாதிப்பேர் தள்ளுகிற சிப்பாய் அது.

விருத்தாசலம் யோசிக்க ஆரம்பித்தார். தாடையைத் தடவினார். மேலே ஃபேனைப் பார்த்தார். என் சிப்பாயை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார். மற்ற போர்டுகளில் குதிரைகள் பாய்ந்து, பிஷப்புகள் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் இன்னும் முதல் நகர்வே நகர்த்தவில்லை. கடைசியில் ஒரு சிப்பாயை எடுத்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். டீக்கும் போகவில்லை. பஜ்ஜிக்கும் போகவில்லை.

ஒவ்வொரு நகர்வும் இதே கதிதான். எனக்கு உள்ளுக்குள் ஜுரம் ஏறியது. இந்த மனுசன் வீட்டில் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனித்தேன். நடுவரின் போன் அடிக்கடி நடுங்கியது. ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்ததும் விருத்தாசலத்தைப் பார்த்தார். ஒருமுறை தலையை லேசாக ஆட்டினார். மறுமுறை ஆட்டவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வெளியில் எவனோ கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நகர்வு சொல்கிறான். எழுந்து நேராக நடுவரிடம் போனேன்.

"சார், உங்க போனு அடிக்கடி வருது."

"ஆமாங்க. வீட்லருந்து."

"வந்துட்டு அவரப் பாத்துத் தலையாட்டுறீங்க."

"கழுத்து வலிங்க."

"போன தடவ ஆட்டல."

"போன தடவ வலிக்கல. போய் உக்காருங்க சார், டைம் ஓடுது."

மூலைக்கு மூலை நின்றிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மண்டபமே விருத்தாசலத்துக்கு விலைபோய்விட்டது என்று நினைத்தேன். சரி, கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தோற்கடிப்போம் என்று உட்கார்ந்தேன்.

ஆனால் கம்ப்யூட்டர் சொல்லி ஆடுகிறவர் மாதிரியும் இல்லை. நடுவில் ஒரு பிஷப்பைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். பொறியோ என்று நெடுநேரம் தேடினேன். பொறி இல்லை. வெட்டினேன். அவர் அதைக் கவனித்த மாதிரிகூடத் தெரியவில்லை. கண் கதவின் மேலேயே இருந்தது.

மற்ற ஆட்டங்கள் முடிந்து இரண்டு கிளப்பும் சமமாக நின்றன. எங்கள் ஆட்டம்தான் பாக்கி. இதில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்கு ஷீல்டு. எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். விருத்தாசலத்திடம் ஒரு யானை மட்டும் மிச்சம். என்னிடம் குதிரை, பிஷப், யானை, ஒரு சிப்பாய். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையைக் கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். இவர் போகவில்லை. யானைக்கு யானை மாற்றிக்கொண்டார். அந்தச் சாக்கில் ராஜாவைக் கொண்டுவந்து என் கடைசிச் சிப்பாயையும் வெட்டிவிட்டார். இப்போது அவரிடம் மொட்டை ராஜா. என்னிடம் ராஜா, ஒரு பிஷப், ஒரு குதிரை.

செஸ் ஆடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிஷப்பும் குதிரையும் மட்டும் வைத்துக்கொண்டு ராஜாவைக் கட்டுவது பெரிய பேஜாரான வேலை. முடியும்; ஆனால் எந்த மூலை என்று கணக்கு உண்டு. பிஷப் நிற்கிற கட்டத்தின் நிறம் எதுவோ அதே நிற மூலைக்குத்தான் துரத்த வேண்டும். ஐம்பது நகர்வுக்குள் முடிக்காவிட்டால் ஆட்டம் டிரா. புத்தகத்தில் பத்துமுறை படித்திருக்கிறேன். புத்தகத்தில் ராஜா சொன்னபடி போகும். இது விருத்தாசலத்தின் ராஜா.

துரத்தினேன். அவர் ராஜா ஒவ்வொரு கட்டமாக, கோயிலைச் சுற்றி வருகிற மாதிரி, சாவகாசமாக நடந்தது. நான் பாடுபட்டு அதை மூலையில் கொண்டுபோய்த் தள்ளியபோது அது தப்பான மூலை என்று தெரிந்தது. மறுபடி துரத்தினேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமி பக்கத்தில் நின்று நகர்வுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டிரா வெச்சிக்கலாமா?" என்றார் விருத்தாசலம். சொல்லும்போதே கதவைத்தான் பார்த்தார்.

"மாட்டேன். ஜெயிக்காம எழுந்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதுக்குத்தான் இத்தினி நேரம் உக்காந்துகினு கெடக்கறேன்."

அதற்கு அர்த்தம் எனக்கு விளங்கவில்லை. விளங்குகிற நிலையிலும் நான் இல்லை.

ஐம்பதுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. டிரா என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அப்போது நடுவரின் போன் நடுங்கியது. இந்த முறை அவர் வெளியே போகவில்லை. அங்கேயே காதில் வைத்துக் கேட்டார். விருத்தாசலத்தைப் பார்த்து நன்றாகவே தலையாட்டினார்.

விருத்தாசலம் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு விரலால் தன் ராஜாவைத் தொட்டுப் போர்டில் படுக்கவைத்தார். "நீ ஜெயிச்சிட்ட" என்று கையை நீட்டினார்.

டிரா ஆகிற ஆட்டத்தில் எதற்குத் தோற்றார் என்று ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை. ஜெயித்தவன் அதையெல்லாம் கேட்பதில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஓடிப்போய் ஷீல்டை நானே எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினேன். யாரும் கை தட்டவில்லை. எங்கள் திண்டிவனத்து ஆட்களும் தட்டவில்லை.

விருத்தாசலம் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வா, போலாம்."

"எங்க?"

"முண்டியம்பாக்கம். செல்விக்கு ஆபரேசன் முடிஞ்சிடுச்சு. கண்ணு முழிச்சிட்டாங்க."

"எந்தச் செல்விக்கு?" என்று கேட்டேன்.

அவர் மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தார். என் கையிலிருந்து யாரோ ஷீல்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

பைக்கில் போகும்போது காற்றில் பாதி வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. வியாழக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் எனக்குப் போன் பண்ணியிருக்கிறார், சனிக்கிழமை வருகிறேனா என்று கேட்க. போனை எடுத்தது செல்வி. மார்பில் கட்டி. அவளுக்குத் தெரிந்து பல நாளாகிறது. மகளிர் குழு கூட்டம் என்று இளவரசியோடு போனதெல்லாம் இதே ஆஸ்பத்திரிக்கு. சோதனையெல்லாம் முடித்து, அறுத்து எடுக்க சனிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கு என்னை எப்படி ஊரைவிட்டு அனுப்புவது என்று தெரியாமல் அவள் திண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் போன் வந்திருக்கிறது.

"'அண்ணே, இளவரசி போன்லருந்து சேதி வர்ற வரைக்கும் அவர விடாதீங்க'ன்னு சொன்னாங்க. சேதி வர்றதுக்குள்ள அம்பது நகர்வு முடிஞ்சி நீ எழுந்துருவியோன்னு ஒரே பயம் எனக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"புள்ள பொறந்தப்போ வராண்டால மயங்கி வுழுந்து உனக்குத் தையல் போட்டாங்களாமே. அந்தம்மாவ உட்டுட்டு நர்சுங்க எல்லாம் உன்னைத் தூக்கிக்கினு ஓடினாங்களாம்."

உண்மைதான். இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிற பையன் பிறந்தபோது நடந்தது. அவளுக்குக் கிடைக்கவேண்டிய கவனிப்பு எல்லாம் எனக்குக் கிடைத்தது.

காலையில் நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்த அதே ஸ்டாப்பில் இறங்கினேன். வார்டுக்கு வெளியே இளவரசி என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். "அழுவாம போங்கண்ணா" என்றாள். அதற்கு முன் அழுகிற எண்ணம் எனக்கு இல்லை.

செல்வி சுருங்கிப் போய்க் கட்டிலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணை முழுசாகத் திறக்க முயற்சி செய்தாள்.

"எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

சின்னதுரையைத்தான் கேட்கிறாள். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. "எடுத்துட்டாங்க" என்றேன்.

"எனக்கும் எடுத்துட்டாங்க" என்றாள்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"உனுக்கு இன்னா தைரியம் இருந்தா தனியா வந்து படுப்ப?"

"உங்களுக்கு இன்னா தைரியம் இருந்தா ஒரு மனுசனக் கொல்லுவீங்க? ரெண்டு பொண்ணு வேற."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா என்னைப் பாத்துக்க ஒரு ஆளு, உங்களப் பாத்துக்க ஒரு ஆளு. இளவரசி ஒருத்திதான் இருக்குது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன்."

"அண்ணன் நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் நான் வேறு ஆளாகிவிட்டேன். கேப்பைக் கூழ் கிண்டக் கற்றுக்கொண்டேன். கட்டிகட்டியாக வரும். அவள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பாள். கடையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் படிக்கிற எழுத்துப் பலகை எனக்கே மங்கலாகத் தெரியும்.

முடிவு சொல்கிற அன்றைக்கு இரண்டு பேரும் போனோம். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண். என்னை உட்காரச் சொல்லி, நான் நன்றாகச் சாய்ந்து உட்காருகிற வரைக்கும் காத்திருந்தார்.

"கெட்ட கட்டிதாங்க. ஆனா ஆரம்பத்துலயே எடுத்துட்டோம். மருந்து ஏத்தணும். முடி கொட்டும், வாந்தி வரும். ஆனா சரியாயிடும். தைரியமா இருங்க."

நான் மயங்கவில்லை. நாற்காலிக் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அறையைவிட்டு வெளியே வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இது அவளுக்குத் தெரியவே கூடாது. சுமக்கிறவள் அவள்தான் என்று இத்தனை வருடம் விட்டாயிற்று. இந்த ஒன்றை நான் சுமப்பேன். அவள் கேட்கக்கூடிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்தேன். சின்னதுரைக்குச் செய்த அவசர வேலை மாதிரி இல்லை இது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா சொன்னாங்க?"

"கொழுப்புக் கட்டியாம். ஒண்ணும் இல்லையாம்."

"அப்புறம் ஏன் இத்தினி நேரம்?"

"திரும்ப வராம இருக்க ஊசி போடணுமாம். அத வெளக்கினு இருந்தாங்க."

"இன்னா ஊசி?"

"சத்து ஊசி மாதிரி. கொஞ்சம் வேகமான மருந்து. முடி லேசாக் கொட்டுமாம். அது எல்லாருக்கும் கொட்றதுதான். எனக்கே கொட்டிடுச்சு."

"வாந்தி?"

"வந்தாலும் வருமாம். வந்தா மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தமாம்."

ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. என் வாழ்நாளில் நான் ஆடிய நல்ல ஆட்டம் அதுதான். அவள் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். நல்லதாப் போச்சு என்றாள். பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து, எலுமிச்சம் சாதத்தை மூடியில் போட்டு என் கையில் கொடுத்தாள். முதல்முறையாக அவளை நான் ஏமாற்றிவிட்டேன், அவளுடைய நல்லதுக்காக ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

"நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள். "முந்தாநாளு நானும் இளவரசியும் வந்து எல்லாம் கேட்டுக்கினு போய்ட்டோம். உங்ககிட்ட எவ்ளோ சொல்லணுமோ அவ்ளோ மட்டும் சொல்லச்சொல்லி டாக்டரம்மாகிட்ட நான்தான் சொல்லிட்டு வந்தேன்."

சோற்று மூடியை மடியில் வைத்தேன்.

"அப்ப மீதி?"

"மீதி எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "நீங்க சாப்புடுங்க."